லைவ் டிரான்ஸ்கிரைப்: மருந்துக்கடைவரை போதும், டாக்டர் அறைக்குள் போதாது

மருந்துக்கடையில் இருப்பவர் கவரில் எழுதியபடியே, தலை நிமிராமல், "காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு, சாப்பிட்டப்புறம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் சீட்டை வாங்கிக்கொள்கிறார். காது கேளாதவருக்கு அந்த மூன்று வினாடியில் எதுவும் வந்து சேரவில்லை. உதட்டைப் பார்த்தால் புரியாதா என்று கேட்பவர்கள் ஒரு கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பணம்', 'மணம்' என்று சொல்லிப் பார்க்கலாம். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி ஒட்டிப் பிரியும். 'க' தொண்டைப் பக்கம் பிறக்கும் எழுத்து, உதட்டில் ஏறக்குறைய தெரியவே தெரியாது. எதிரில் இருப்பவர் குனிந்தோ முகக்கவசம் போட்டோ பேசினால் அதுவும் போயிற்று.

கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் இந்த இடத்துக்கான செயலி. எதிரில் இருப்பவர் பேசப் பேச, அது போன் திரையில் எழுத்தாக ஓடும். காசு கிடையாது. ஆண்ட்ராய்டு போனில் மட்டும் கிடைக்கும். 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. காது கேளாதோருக்காகவே அமெரிக்காவின் வாஷிங்டனில் இயங்கும் கலோடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். திட்டத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவரான திமித்ரி கனெவ்ஸ்கி, சிறுவயதிலேயே செவித்திறனை இழந்த கூகுள் ஆய்வாளர். பயன்படுத்தப் போகிறவரே அருகில் இருந்து செய்த வேலை என்பது சில இடங்களில் நன்றாகவே தெரிகிறது. தமிழில் அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் யாருக்கு ஏற்றது என்பதைச் சொல்லிவிடலாம். பேச்சும் படிப்பும் வந்தபிறகு காது கேட்காமல் போனவர்கள், வயதாகிக் கேட்கும் திறன் குறைந்தவர்கள், காதொலிக் கருவி இருந்தும் கூட்டத்தில் தடுமாறுபவர்கள், தமிழைத் தயங்காமல் வாசிக்கக்கூடிய காது கேளாதோர்: இவர்கள் இன்றே இறக்கிக்கொள்ளலாம். பிறவியிலேயே கேட்காமல், சைகை மொழியையே முதல்மொழியாகக் கொண்டவர்களுக்கு இது பாதி உதவிதான். அந்தக் காரணம் பெரியது, பின்னால் வருகிறேன்.

நிறுவியதும் கவனிக்க வேண்டியது மொழி. முதன்மை மொழி, இரண்டாம் மொழி என இரண்டு தேர்ந்தெடுக்கலாம். தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்ற பிரிவுகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் இந்தியத் தமிழை வைத்துக்கொண்டு 'சரியாக வரவில்லை' என்று நொந்துகொள்ளாமல், முதலில் இதை மாற்றிப் பார்க்கவும். இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தை வையுங்கள். திரையில் ஒரு தட்டலில் மொழி மாறும். வங்கி மேலாளர் ஆங்கிலத்துக்குத் தாவும்போது கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஒன்று உண்டு: திரையில் தமிழ் எழுத்தில் பொருளில்லாத சொற்கள் வரிசையாக வரும். அப்போது மொழியை மாற்றினால் போதும். இடையிடையே வரும் 'அக்கவுண்ட்', 'ஃபார்ம்', 'பேலன்ஸ்' போன்ற ஒற்றைச் சொற்களுக்காக மாற்ற வேண்டாம். அவற்றைத் தமிழ் அமைப்பிலேயே ஓரளவு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது குறுக்குவழி. கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டு செயலியைத் தேடுவது நடக்காத காரியம். போனின் செட்டிங்ஸுக்குள் ஆக்சசிபிலிட்டி பகுதியில் இதற்கான பொத்தானை இயக்கிவிட்டால், எந்தத் திரையில் இருந்தாலும் ஒரே தட்டலில் திறக்கும். அங்கேயே எழுத்தின் அளவையும் கூட்டிவிடுங்கள். கையில் பிடித்து வாசிக்கும் அளவு போதாது; மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுபவரின் முகத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்க்கும் தூரத்தில் தெரிய வேண்டும்.

பலர் தொடாமல் விட்டுவிடுகிற அமைப்பு, சொந்தச் சொற்களைச் சேர்ப்பது. ஊர்ப் பெயர், தெருப் பெயர், வழக்கமாகச் சாப்பிடும் மருந்தின் பெயர், பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயர் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மருந்துப் பெயர்களில் இது தரும் பலன் பெரிது. இல்லையென்றால் மாத்திரையின் பெயர் ஏதாவது ஒரு பழகிய தமிழ்ச் சொல்லாக உருமாறி வந்து நிற்கும், அது தவறு என்பதே வாசிப்பவருக்குத் தெரியாது. உங்கள் பெயரையும் பதிந்து வைக்கலாம். அந்தப் பெயர் பேச்சில் வந்தால் போன் அதிரும். பேச்சு நின்று சிறிது இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கும்போது அதிரச் செய்யும் வசதியும் உண்டு. காது கேட்கும் ஒருவருக்கு இது தோன்றியே இருக்காது. எதிரில் இருப்பவர் கணினியில் எதையோ தேடும்போது கேட்காதவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இனி மைக். இந்தச் செயலியைப் பற்றிய குறைகளில் பெரும்பகுதி, உண்மையில் மைக்கைப் பற்றியவை. போனின் மைக் அடிப்பக்கம், சார்ஜர் செருகும் துளைக்கு அருகில் இருக்கிறது. வழக்கமாகப் பிடிக்கும்போது சுண்டுவிரல் அதை மூடுகிறது. விலை குறைந்த உறைகளில் அந்த இடத்தில் துளை சற்று விலகியிருப்பதும் உண்டு. உறையைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதித்தால் தெரிந்துவிடும். பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் ஒன்று, ஒன்றரை அடிக்குள் இருந்தால் நல்லது. மூன்று அடி தாண்டினால் மின்விசிறியும் பக்கத்துக் கவுன்ட்டரும் கலந்துவிடும். திரையில் ஒரு சிறு வட்டம் இருக்கும்: உள்வளையம் சுற்றுப்புறச் சத்தத்தையும், வெளிவளையம் பேசுபவரின் குரல் எவ்வளவு எட்டுகிறது என்பதையும் காட்டும். உள்வளையம் பெருத்து, வெளிவளையம் அதைத் தாண்டாமல் இருந்தால் எழுத்து பிழையாகத்தான் வரும். சத்தத்தைக் கேட்க முடியாதவருக்கு, 'இந்த இடம் இரைச்சலாக இருக்கிறது' என்று சொல்லும் ஒரே சாட்சி அந்த வட்டம். இந்தச் செயலியில் மிகவும் மதிக்கத்தக்க வேலைப்பாடு அதுதான்.

வங்கியிலும் ரயில் நிலையத்திலும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பேசுவார்கள். போனை நம் பக்கம் பிடித்தால் குரல் மங்கி வரும். பணம் கொடுக்கிற இடைவெளியில் போனின் அடிப்பக்கம் உள்ளே பார்க்கும்படி வையுங்கள். முடியுமானால் போனையே உள்ளே தள்ளிவிட்டு, எழுத்து நம் பக்கம் தெரியும்படி திருப்பிக்கொள்ளுங்கள். கூரை மின்விசிறிக்கு நேர் கீழே நிற்பதைவிட ஓரமாகத் தள்ளி நின்றால் பிழை குறையும். சட்டையில் குத்தும் சிறு ஒயர் மைக் ஒன்றை வாங்கிப் பேசுபவரிடம் கொடுப்பது, வகுப்பறைக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் நல்ல தீர்வு. புளூடூத் காதொலிக் கருவியோ ஹெட்செட்டோ இணைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: போன் தன் மைக்கை விட்டுவிட்டு அந்தக் கருவியின் மைக்கை எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டால், உங்கள் காதருகே இருக்கும் ஒலிதான் போகும், எதிரில் இருப்பவர் குரல் போகாது. செட்டிங்ஸில் எந்த மைக் என்று பார்த்து மாற்றுங்கள்.

ஒலிபெருக்கி அறிவிப்புகளுக்கு இதை நம்பவே வேண்டாம். ரயில் நிலையக் கூரையில் குரல் எதிரொலித்து, ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் விழும். காது கேட்பவரே பாதியைத் தவறவிடும் இடம் அது. நடைமேடை மாறியதா என்பதை ரயில்வேயின் சொந்தச் செயலியிலோ மின்பலகையிலோ பார்ப்பதே வழி. மருத்துவமனையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்திலும் பெயர் அதிர்வை நம்பி உட்கார வேண்டாம். பத்தடி தள்ளி, கதவிடுக்கில் இருந்து வருகிற அழைப்பு மைக்குக்கு எட்டாது. சீட்டுக் கொடுக்கும்போதே 'காது கேட்காது, என் முறை வந்தால் கையசையுங்கள்' என்று எழுதிக் காட்டிவிட்டு, கதவைப் பார்த்தபடி உட்காருவதுதான் நிச்சயம்.

இணையம் இல்லாமல் தமிழில் வேலை செய்யும் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். பேச்சு கூகுளின் சர்வருக்குப் போய் எழுத்தாகித் திரும்புகிறது. ஸ்கேன் எடுக்கும் அடித்தளம், கனமான சுவர் கொண்ட பழைய அரசுக் கட்டடங்கள் ஆகியவற்றில் சிக்னல் விழும், எழுத்து நின்றுவிடும். அப்படி நிற்பது கண்ணுக்கு அமைதி போலத் தெரியும், எதிரில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். திரை சும்மா இருக்க அவர் வாய் அசைந்தால் உடனே கையைக் காட்டி நிறுத்துங்கள்.

இப்போது தமிழ். சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்கிற மொழி இது, பேச்சில் எழுத்துகள் விழுந்து தேய்கிற மொழியும்கூட. சாதாரண வேகத்தில், ஒருவர் மட்டும் பேசினால் செயலி வியக்கத்தக்க அளவு சரியாக எழுதுகிறது. பிழை வரும் இடங்களைப் பழகிக்கொண்டால் ஆபத்தைத் தவிர்க்கலாம். முதல் ஆபத்து 'வேணும்', 'வேணாம்'. நடுவில் ஒரே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம், பொருளோ நேரெதிர். 'இந்த மாத்திரை இனிமே வேணாம்' என்பது 'வேணும்' என்று வந்துவிட்டால் வாக்கியத்தில் சந்தேகப்பட ஒன்றும் இருக்காது. 'வரும்', 'வராது' என்பதும், வேகமாகச் சொல்லும்போது கடைசி எழுத்து விழுந்து குழப்பும். இரண்டாவது எண்கள்: அறுபது, எழுபது, அறுநூறு, எழுநூறு, பதினஞ்சு, பதினேழு. ஒரே தாளத்தில் ஒலிப்பவை, இரைச்சலில் ஒன்றுக்கு ஒன்று இடம் மாறும். மூன்றாவது முன்னும் பின்னும்: 'சாப்பாட்டுக்கு முன்னாடி', 'சாப்பாட்டுக்குப் பின்னாடி'. நேரம், தொகை, மருந்தளவு, வேண்டும் வேண்டாம் ஆகிய நான்கையும் திரையில் வந்தது என்பதற்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள். காகிதத்தில் எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். அல்லது நீங்கள் புரிந்துகொண்டதை எழுதி அவரிடம் காட்டுங்கள். 'சரியா?' என்று மட்டும் கேட்டால் பழக்கத்தில் தலையாட்டிவிடுவார்கள். 'இந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், சரியா?' என்று முழுதாக எழுதிக் காட்டினால்தான் வாசித்துவிட்டுப் பதில் சொல்வார்கள்.

இருவர் சேர்ந்து பேசினால் யார் சொன்னது என்று பிரித்துக் காட்டாது. டாக்டரின் கேள்வியும் கூட வந்த மாமியாரின் பதிலும் ஒரே பத்தியாக ஓடும். குடும்பத்தோடு போகும்போது இது சிறு குறை இல்லை. நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடமே பேசுவது நம் ஊரில் ஆழமாக வேரூன்றிய வழக்கம். செயலி அதை எழுத்தாக்கும், நிறுத்தாது. போனை டாக்டர் பக்கம் நகர்த்தி வைத்து, கூட வந்தவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்வது நோயாளியின் உரிமை.

பதில் சொல்வதற்கு அதே திரையில் கீபோர்டு உண்டு. தட்டச்சு செய்தது பெரிதாகத் தெரியும், போனைத் திருப்பிக் காட்டலாம். ஆனால் முதல் வாக்கியத்தை அங்கே தட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அதை முன்பே போனின் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நன்றாக வேலை செய்கிற வாசகம் இது: 'எனக்குக் காது கேட்காது. இந்தப் போனைப் பார்த்துப் பேசுங்கள், நீங்கள் பேசுவது எழுத்தாக வரும். சத்தமாகப் பேச வேண்டாம், ஒருவர் மட்டும் பேசினால் போதும்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கேட்காது என்றதும் கத்துவது மனித இயல்பு. கத்தினால் குரல் உடைந்து செயலிக்கும் புரியாது. வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் உங்கள் கணக்கு விவரம் கேட்கும்.

அதே போனில் வருகிற அழைப்பை இது எழுத்தாக்காது. கூரியர்காரர் தெருமுனையில் நின்று கூப்பிடுகிறார் என்றால், அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் செயலியைத் திறந்து அருகில் வைக்க வேண்டும். இரண்டாவது போன் இல்லாதவர்கள் முகவரியின் முதல் வரியிலேயே 'காது கேட்காது, மெசேஜ் மட்டும்' என்று சேர்த்துவிடுவது நல்லது. குறிப்புகளுக்கென்று தனியாக இருக்கும் பெட்டியைப் பலர் திறந்து பார்ப்பதில்லை, முகவரியைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி, பின்னால் வருகிறேன் என்று சொன்ன பெரிய காரணம். இந்தச் செயலி தருவது தமிழ் எழுத்து. காது கேளாத பலருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. இந்தியச் சைகை மொழி என்பது தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது இல்லை, தனக்கென்று இலக்கணம் உள்ள மொழி. காலத்தைச் சொல்லும் சொல் முதலில் வரும், கேள்விச் சொல் கடைசியில் வரும், மறுப்பும் பின்னால் வரும். புருவம் உயர்வதும் தலை சாய்வதும் முக அலங்காரம் கிடையாது, அவை இலக்கணம். ஆய்வகத்தில், 'நாளைக்கு வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுக்கணும்' என்கிறார்கள். செயலி ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிவிடுகிறது. சைகை மொழிக்காரருக்கு 'வெறும் வயிறு' என்றால் என்ன? வயிறு தெரியும், வெறும் என்பதும் தெரியும், இரண்டும் சேர்ந்தால் சாப்பிடாமல் வருவது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதையே சைகையில், நாளை, காலை, சாப்பிடு, இல்லை, வா, ரத்தம், கொடு என்று சொன்னால் ஒரு நொடியில் முடிந்தது.

'போடு' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுவார்கள், மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், கையெழுத்துப் போடச் சொல்வார்கள், கட்டுப் போடுவார்கள். எழுத்தில் நான்கும் ஒன்று. சைகையில் நான்கும் நான்கு வெவ்வேறு அசைவுகள், பார்த்தாலே செயல் தெரியும். காதால் கேட்டு வளர்ந்தவர் யோசிக்காமல் தாண்டிப் போகிற இடத்தில் வாசித்து மட்டும் தமிழ் கற்றவர் நின்று திகைக்கிறார். அவருடைய அறிவைக் குறைவாக எடைபோட இதுதான் காரணமாகிவிடுகிறது. அது மன்னிக்க முடியாத பிழை. ஒரு சொல்லுக்குள் 'வந்திருக்கவேண்டியதில்லை' என்று நான்கைந்து பொருள்களை அடுக்குகிற மொழியை, ஒலியே இல்லாமல் கற்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே எங்கே செயலி போதும், எங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விலை, நேரம், எந்த ஜன்னல், எந்தப் படிவம் போன்ற குறுகிய பேச்சுக்குச் செயலி போதும். நோயின் விளக்கம், அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல், காவல் நிலையப் புகார், பத்திரப் பதிவு, வேலைக்கான நேர்காணல் ஆகியவற்றுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 'உங்களிடம் ஆப் இருக்கிறதே' என்று ஓர் அலுவலகம் சொன்னால் ஏற்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொடர்பு என்பதற்குள் சைகைகளையும் சேர்த்தே வரையறுக்கிறது. நீதியை அணுகுவதற்கான 12ஆம் பிரிவும் அதில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு காணொலி வழியே உச்ச நீதிமன்றத்தில் முன்னிலையானார். திரையில் எழுத்து ஓடவிட்டால் போதும் என்று அங்கே நினைக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் நேரில் வர முடியாவிட்டால் வீடியோ அழைப்பு நல்ல மாற்று. போனைக் கையில் பிடித்துக்கொண்டு சைகை பேச முடியாது, இரண்டு கையும் வேண்டும். ஒரு சிறு ஸ்டாண்ட், இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வையுங்கள். தலைமுதல் இடுப்புவரை திரைக்குள் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு புருவ அசைவு போய்விடும், அதோடு கேள்வியா கூற்றா என்பதும் போய்விடும். கட்டம் போட்ட சட்டையைவிட ஒரே நிறச் சட்டை கைகளைத் தெளிவாகக் காட்டும்.

இதே செயலிக்குள் ஒலி அறிவிப்பு என்ற இன்னொரு வசதியும் உண்டு. கதவு தட்டும் சத்தம், அழைப்பு மணி, குழந்தையின் அழுகை, புகை எச்சரிக்கை மணி, தண்ணீர் ஓடும் சத்தம் ஆகியவற்றைக் கண்டுகொண்டு போன் அதிரும், கேமரா விளக்கு மின்னும். இது போனுக்குள்ளேயே நடப்பதால் இணையம் வேண்டாம். வீட்டுக்குள் பயனுள்ளது. குழந்தையின் பாதுகாப்புக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம், தவறவிடும் நேரங்கள் உண்டு.

பேசிய எழுத்தை மூன்று நாள்வரை போனிலேயே வைத்திருக்கச் செய்யலாம். டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து மறுபடி வாசிக்க நல்லது, முக்கியமானதை நகலெடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலியைச் சர்வரில் சேமிப்பதில்லை என்று கூகுள் சொல்கிறது. ஆனாலும் எதிரில் இருப்பவரிடம் போன் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவதே முறை. வங்கி வேலை முடிந்ததும் அந்த உரையாடலை அழித்துவிடுங்கள்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் கேட்கும் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். உங்கள் ஜன்னலுக்கும் வருவார்கள். டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வீடியோ. 2022இல் அதையே 'சைன் லேர்ன்' என்ற செயலியாகவும் கொடுத்தார்கள். அதிலிருந்து வணக்கம், காத்திருங்கள், எவ்வளவு, கையெழுத்து, நாளை, முடிந்தது, நன்றி என்று உங்கள் வேலைக்குரிய இருபது சைகைகளை மட்டும் பழகுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் பத்து நாள். பேசத் தொடங்கும் முன் தலையை நிமிர்த்துங்கள். எதிரில் இருப்பவர் போனில் வாசித்து முடித்து உங்களைப் பார்க்கும்வரை அடுத்த வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். எழுத்து பேச்சைவிட ஓரிரு வினாடி பிந்தித்தான் வரும்.